சிறியவை எல்லாம் ஒரே குடும்பமா?

1931ஆம் ஆண்டு வி. வி. ஹிக்மன் என்ற தஸ்மேனிய விலங்கியலாளர், இலண்டன் விலங்கியற் சங்கத்தின் ஏட்டில் ஒரு சிலந்தியை அறிமுகப்படுத்தினார். குண்டூசித் தலைக்குள் அடங்கிவிடக்கூடிய உருண்டைச் சிலந்தி அது. மற்றச் சிலந்திகளின் இரு தாடைகளும் தனித்தனியே அசையும். இதற்கோ அவை ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்திருந்தன. பெண்ணுக்கு முகத்தருகே இருக்கவேண்டிய துணைக்கால்கள் இல்லை. சுவாசிக்க நுரையீரலும் இல்லை. அறியப்பட்ட எந்தக் குடும்பத்திலும் இதைச் சேர்க்க முடியாமற்போகவே ஹிக்மன் இதற்கென்றே ஒரு குடும்பத்தை உண்டாக்கி, ஒட்டிய தாடை என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ‘சிம்ஃபைட்டொக்னதா’ என்று பெயரும் வைத்தார்.

ஒரு பிராணிக்குக் கட்டிய அந்த வீடு அடுத்த முப்பது வருடங்களில் எமது நாட்டு ‘நலன்புரி நிலையம்’ போல ஆகிவிட்டது. எங்கே சேர்ப்பதென்று தெரியாத சின்னஞ்சிறு சிலந்திகளெல்லாம் அதற்குள் கொண்டுவந்து விடப்பட்டன. பசிபிக் தீவுகளிலிருந்து வந்தவை, சிலியிலிருந்து வந்தவை, நியூசிலாந்துக் காட்டுப் பாசியில் இருந்தவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்ப்பலகை. அந்தப் பலகை எப்படி ஏறியது, எப்படி இறங்கியது, இறங்கிய பின் உலகப் படத்தில் என்ன தெரிந்தது என்பதே இக்கட்டுரை. இதில் முக்கிய பங்கு நாம் இப்போது வாழும் நியூசிலாந்தைச் சேர்ந்த ஒருவருடையது.

இந்த நாட்டின் சிலந்திகளை எண்ணத் தொடங்கியவர்களில் ஒருவர் ஒக்லாந்துக்காரரே. நகருக்குத் தெற்கேயுள்ள கராக்காவில் இருந்த ஆர்தர் அர்கட், 1880களிலும் 90களிலும் நியூசிலாந்துக் கழகத்தின் ஏட்டில் வருடாவருடம் புதிய இனங்களை விபரித்து எழுதினார். 1917இல் பிரெஞ்சுப் பிரபுவான தல்மா ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். ஆயினும் தோட்டத்திலும் வேலியிலும் கண்ணிற் படுபவைதான் அக்காலச் சேகரிப்பில் பெரும்பகுதி. கண்ணுக்குத் தெரியாததைத் தேடுவதற்கு வேறு மனமும் வேறு கருவியும் வேண்டும்.

கருவி ஒன்றும் பெரிதல்ல. முதலில் ஒரு அரிதட்டு. எங்கள் அம்மாமார் புட்டுக்கு மா அரிப்பதுபோல, காட்டில் உக்கிய இலைகளை அள்ளி அரித்துச் சருகை நீக்குவார்கள். அரித்து எடுத்ததை ஒரு புனலில் வலைமேல் பரப்பி, மேலே ஒரு மின்குமிழைத் தொங்கவிடுவார்கள். வெளிச்சத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிய பிராணிகள் ஈரம் தேடிக் கீழே கீழே போகும். புனலின் அடியில் மதுசாரம் நிரம்பிய போத்தல் காத்திருக்கும். பெர்லேசே என்ற இத்தாலியர் 1905இல் இந்தப் புனலை அமைத்தார். தூல்கிரென் என்ற சுவீடன் நாட்டவர் 1918இல் அதற்கு மின்குமிழைச் சேர்த்தார். வெப்பத்துக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போய் கடைசியிற் போத்தலுக்குள் விழும் இந்த முறையை முதன்முதலில் வாசித்தபோது எமக்குச் சிரிப்பு வரவில்லை.

டனீடினில் உள்ள ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் விலங்கியற் பேராசிரியராக இருந்த பி. ஜே. மார்ப்பிள்ஸ் (பெங்குவின் புதைபடிவங்களிலும் வல்லவர்) 1951இல் பசிபிக் தீவுகளின் ஒட்டுத்தாடைச் சிலந்திகளைப் பற்றி எழுதினார். ஃபிஜியிலும் சமோவாவிலும் கிடைத்தவற்றுக்கு ‘பட்டு’ என்று ஒரு பெயரை உண்டாக்கினார். எமது காதுக்கு இது நெசவுப் பட்டு. மாவோரி மொழியிற் பட்டு என்றால் கையிற் பிடித்து அடிக்கும் குறுந்தடி. சமோவாவின் உப்போலு தீவில் மலைப்பாசிக்குள் கிடைத்த ஒன்றுக்கு, மார்ப்பிள்ஸின் நினைவாக 1959இல் ‘பட்டு மார்ப்பிள்ஸி’ என்று பெயரிடப்பட்டது. அதன் ஆண் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. உலகின் மிகச் சிறிய சிலந்தி என்ற பட்டம் பல காலம் அதற்கே இருந்தது. எம்மோடு கோப்பை கழுவும் பெரியவர் உப்போலுவைச் சேர்ந்தவர். இந்தச் சிலந்தியைப் பற்றிச் சொன்னபோது, தன் தீவிலிருந்து பெரிய றக்பி வீரர்கள்தான் வருவார்கள் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார்.

பெயரிட்டவர் ரே ஃபோஸ்டர். 1922இல் பிறந்து 2000இல் மறைந்த இவர் 1957 முதல் 1987 வரை முப்பது வருடம் ஒட்டாகோ நூதனசாலையின் பணிப்பாளராக இருந்தார். 1967க்கும் 1988க்கும் இடையில் ஆறு பாகங்களாக வெளிவந்த ‘நியூசிலாந்தின் சிலந்திகள்’ இவரும் இவரோடு சேர்ந்து உழைத்தவர்களும் எழுதியதே. இன்று இந்த நாட்டில் 1100க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. பத்தில் ஒன்பதுக்கு மேல் வேறெங்கும் இல்லாதவை. இந்தக் கணக்கின் பெரும்பகுதி இந்த மனிதரின் புனலினூடாக வந்ததெனலாம்.

1959இல் ஃபோஸ்டர் ஒட்டுத்தாடைக் குடும்பத்தைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை எழுதி அதன் வாசலை அகலத் திறந்துவிட்டார். 1895இல் பிரெஞ்சு அறிஞர் சைமன் தனியே வகுத்திருந்த அனாபிடே குடும்பம், பின்னர் வந்த மிஸ்மெனிடே, ஹிக்மனே 1940களில் விபரித்த வேறு சில சிறியவை எல்லாம் உள்ளே வந்தன. அடுத்த வருடம் அமெரிக்காவில் கேர்ட்ஷும் அதே வழியில் அங்குள்ள சிறியவற்றை இதே தலைப்பின்கீழ் எழுதினார். காரணம் இல்லாமலில்லை. எல்லாம் மிகச் சிறியவை, பலவற்றுக்கு நுரையீரல் இல்லை, எல்லாம் ஈரச் சருகில் வாழ்பவை. நுணுக்குக்காட்டிக்குக் கீழே ஒரு பொட்டு இன்னொரு பொட்டைப் போலத்தான் இருக்கும்.

இங்கேதான் விடயம் இருக்கிறது. நுரையீரல் இல்லாமை உறவுக்குச் சான்றா? பெரும்பாலான சிலந்திகளுக்கு வயிற்றின் அடியில் புத்தகத் தாள்கள்போல் அடுக்கிய நுரையீரல் உண்டு. உடல் ஒரு மில்லிமீற்றருக்குச் சுருங்கும்போது அந்த அடுக்கு அவசியமில்லாமற் போகிறது. மெல்லிய குழாய்களே காற்றை உடல் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், ஈரமும் குறைவாகவே இழக்கப்படும். ஆகவே எந்தக் குடும்பத்துச் சிலந்தியும் சிறுத்துப்போனால் நுரையீரலை இழக்கக்கூடும். ஒரே நெருக்கடி எல்லோரையும் ஒரேமாதிரி ஆக்கியிருக்கிறது, அவ்வளவுதான். (சிறுமையின் நெருக்கடி எப்படிப்பட்டதென்பதற்கு ஒன்று: பனாமாவில் செய்து 2011இல் வெளியான ஓர் ஆய்வின்படி, மிகச் சிறிய சிலந்திகளில் நரம்புத்தொகுதி உடற்குழியின் ஏறக்குறைய 80 வீதத்தை நிரப்பி, இடம் போதாமல் கால்களுக்குள்ளும் போய்விடுகிறது. வலை பின்னும் அறிவை அவ்வளவு சிறிய உடம்பில் வைக்க வேறு இடமில்லை.)

உறவைக் கண்டுபிடிக்க வேறு உறுப்புகளைப் பார்க்கவேண்டும். தாடையின் அடி, கால் மயிர், நூல் வெளிவரும் நுண்குழல்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஆணின் துணைக்கால் நுனியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்பு. ஓர் இனத்துக்கு ஒரு வடிவம், பூட்டுக்குத் திறப்புப்போல. 1970களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி கையில் வந்ததும் இவற்றைப் பார்ப்பது சாத்தியமாயிற்று. 1977இல் ஃபோஸ்டரும் நியூயோர்க் நூதனசாலையின் நோர்மன் பிளற்னிக்கும் சேர்ந்து ஒட்டுத்தாடைக் குடும்பத்தை மீளாய்வு செய்தனர். தாடை ஒட்டியவை மட்டும் உள்ளே, மற்றவை வெளியே. பதினெட்டு வருடங்களுக்கு முன் வாசலைத் திறந்த அதே கை அதைச் சாத்தியது. கொலம்பியாவில் கிடைத்த, 0.37 மில்லிமீற்றர் ஆணைக் கொண்ட இன்னொரு ‘பட்டு’ அப்போதுதான் பெயர் பெற்றது. பனாமாவின் ஒரு வகையும் அதே கட்டுரையில் வந்தது. பெரிய சிலந்தியின் வலையில் அதனோடேயே வாழ்ந்து, அது உண்ணும்போது அந்த இரையிலிருந்தே உறிஞ்சிக் குடிக்கும் பிராணி என்று அடுத்த வருடம் தெரியவந்தது. உணவகங்களில் வேலை செய்யும் எம்மவர்க்கு இந்த வாழ்க்கைமுறையை விளக்கத் தேவையில்லை.

எல்லாம் அத்தோடு தீர்ந்ததென்று எண்ணவேண்டாம். 1984இல் இருவரும் வேறு சில சிறியவற்றைக் கொண்டுபோய் முற்றிலும் வேறொரு பெருங்கூட்டத்தில் வைத்தார்கள். பின்வந்தவர்கள் அவற்றை மீட்டுக்கொண்டு வந்தார்கள். 2010இல் அவுஸ்திரேலியாவின் றிக்ஸும் ஹார்வியும் மைக்ரோஃபோல்கொம்மா என்ற கூட்டத்துக்கு எல்லையைத் திரும்ப வரைந்தார்கள். மரபணு ஆய்வு வந்த பிறகும் இந்தச் சின்னக் குடும்பங்களில் எவை எவற்றுக்குக் கிட்டிய சொந்தம் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. மாறட்டும். ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்று சொல்லி விட்டுவிடாமல், என்ன உறவு என்று கேட்கிறார்களே, அது போதும்.

நாம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியலை இடையில் விட்டவர்கள். ஏன் என்பதை 2009ஐ அறிந்த வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை. அங்கே படித்த பாகுபாட்டியலில் எமக்கு மறக்காதது அதன் தமிழ்தான். இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். உயிரினங்களை அடுக்குவதற்கு எமது பாடநூல்காரர் வருணத்தையும் சாதியையும் எடுத்தாண்டதை யாரும் அப்போது கேள்வி கேட்கவில்லை. ஊரில் அடுக்கியே பழகிய கைக்கு அந்தச் சொற்கள் தாமாக வந்திருக்கும். விலங்கியலில் ‘சாதி’ என்பது ஆட்களைப் பார்த்துத் திருத்தக்கூடிய ஒரு கருதுகோள். ஊரில் அது அப்படியல்ல.

புலம்பெயர்ந்த இடத்தில் எம்மை அடுக்குவதும் அளவைப் பார்த்துத்தான். நாம் வேலை செய்யும் சமையற்கூடத்தில் ஒரு பஞ்சாபி, ஒரு நேபாளி, ஃபிஜியில் நாலு தலைமுறை வாழ்ந்த ஒருவர், பிறகு நாம். சாப்பிட வருபவர்களுக்கு நால்வரும் ‘இந்தியன்’. நியூசிலாந்துக் குடிசன மதிப்பீட்டின் அடித்தட்டுவரை இறங்கினால் இலங்கைத் தமிழர் என்று ஒரு வகை இருக்கத்தான் செய்கிறது. அறிக்கைகளிலும் பேச்சிலும் வருவதோ மேல்தட்டில் உள்ள ‘ஆசியர்’. சீனரும் கொரியரும் நாமும் அதற்குள். சிறு தொகையினர் என்பது ஒரு பொது அம்சம். அதைக்கொண்டு உறவுமுறை எழுதினால் நுரையீரல் கதைதான்.

திரும்பிச் சிலந்திக்கு வருவோம். குடும்பங்களைப் பிரித்ததால் வந்த பெரிய பயன் பெயர்களில் அல்ல, வரைபடத்தில் தெரிந்தது. எல்லாச் சிறியவையும் ஒரே குடும்பமாக இருந்தபோது அவை ‘எங்கும் உள்ளன’ என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியவில்லை. பிரித்த பிறகு ஒவ்வொன்றும் தன் பயணக் கதையைச் சொல்லத் தொடங்கியது.

‘பட்டு’ இருப்பது ஃபிஜி, சமோவா போன்ற வெப்பத் தீவுகளில். சமோவா கடலடி எரிமலையிலிருந்து எழுந்தது, எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிருந்ததில்லை. ஆகவே அங்குள்ள சிலந்தி கடல் தாண்டி வந்திருக்கவேண்டும். மிதந்த மரத்தில் வந்திருக்கலாம், அல்லது காற்றில். சிறு சிலந்திகள் உயரமான நுனிக்கு ஏறி வயிற்றைத் தூக்கி நூலை விடும், காற்று தூக்கிக்கொண்டு போகும். 1832இல் டார்வின் பயணம் செய்த கப்பலில், ஆர்ஜென்ரினாக் கரையிலிருந்து அறுபது மைல் தள்ளி, ஆயிரக்கணக்கான சிலந்திகள் இப்படி வந்திறங்கியதை அவர் குறித்திருக்கிறார். காற்று மட்டுமன்றி வளிமண்டலத்தின் மின்புலமும் நூலைத் தூக்க உதவும் என்று 2018இல் பிறிஸ்ரலில் காட்டினார்கள்.

மைக்ரோஃபோல்கொம்மாக் கூட்டத்தின் படம் முற்றிலும் வேறு. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி என்று தெற்குக் குளிர்நிலங்களை ஒட்டியே அது கிடக்கிறது. சீஆர்க்கியா என்ற இரண்டு மில்லிமீற்றர்ச் சிலந்தியின் குடும்பத்தை இன்னும் தெளிவான உதாரணமாகக் கொள்ளலாம். பொறிபோலத் தாடையைத் திறந்து வைத்திருந்து, ஆயிரத்திலொரு செக்கனிலும் குறைந்த நேரத்தில் மூடுபவை அதிலே உண்டு. அந்தக் குடும்பம் நியூசிலாந்திலும் தென் அமெரிக்காவின் தென்முனைப் பக்கத்திலும் மட்டுமே இருக்கிறது. இடையிலே முழுப் பசிபிக் சமுத்திரம். இவை பறந்து பரவியிருந்தால் நடுவிலும் வேறிடங்களிலும் சிதறியிருக்க வேண்டும். கொண்டுவானா என்ற பழைய தென்கண்டம் உடைந்தபோது நிலத்தோடு நிலமாகப் பிரிந்துபோனவை என்பதே பொருந்துகிறது. நியூசிலாந்து அந்தக் கண்டத்திலிருந்து விலகி ஏறக்குறைய எட்டுக் கோடி வருடம். ஏறக்குறைய இரண்டரைக் கோடி வருடத்துக்கு முன் இந்த நாடு முழுவதுமே கடலுள் மூழ்கியது என்று ஒரு சாரார் வாதிட்டபோது, முழுவதும் மூழ்கியிருந்தால் இந்த மாதிரிப் பிராணிகள் எங்கே நின்றன என்று கேட்கப்பட்டது. நிலவியல் வழக்கொன்றில் சருகுப் பூச்சிகள் சாட்சியாக வந்தது எமக்குப் பிடித்திருக்கிறது.

மனிதரோடு வந்தவையும் உண்டு. ஒக்லாந்தின் அவொண்டேல் பகுதியில் 1920கள் முதல் வாழும் பெரிய அவுஸ்திரேலியச் சிலந்தியை எம்மவர் பலர் கண்டிருப்பர். 1990இல் வந்த ‘அரக்னோஃபோபியா’ படத்தில் நடித்தது அதுதான். கடற்கரை மணலில் வாழும், 1871இல் பவல் பெயரிட்ட, நச்சுள்ள உள்ளூர்க் கட்டிப்போ இப்போது அருகிவருகிறது. தென்னாபிரிக்காவிலிருந்து வந்த ஒரு சிலந்தி அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. 2010இல் கட்டிப்போவுக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கப்பட்டது. வந்தேறி, பூர்வீகம் என்ற சொற்களை இங்கே நாம் கவனமாகவே வாசிக்கிறோம். இவற்றை வைத்து மனிதருக்கு உவமை சொல்பவர்களை நாம் நம்புவதில்லை.

இனி எமது தீவு. ஃபோஸ்டர் தன் இளமையில், 1948இல், சிலந்தியல்லாத, ஆனால் சிலந்தியின் பங்காளியான ஒரு கூட்டத்தைப் பற்றியும் எழுதியிருந்தார். சில மில்லிமீற்றர் நீளம், உண்ணிபோன்ற தோற்றம், எட்டுக் கால். இலைக்குப்பைக்குள் நடந்தே வாழ்பவை. நூல் விடத் தெரியாததால் பறக்கவும் வழியில்லை. நியூசிலாந்தின் இரு தீவுகளிலும் இருபதுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. இவற்றின் குடும்பத்துக்குப் பெயர் பெற்றலிடே. அந்தப் பெயர் வந்தது ‘பெற்றலஸ்’ என்ற சாதியிலிருந்து, பெற்றலஸின் ஊர் இலங்கை. அதன் முதல் இனம் 1875இல் இலங்கையிலிருந்தே பெயரிடப்பட்டது. சிலி, தென்னாபிரிக்கா, மடகஸ்கார், இலங்கை, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து: இவ்வளவுதான் இந்தக் குடும்பத்தின் நிலம். உடைந்த கண்டத்தின் துண்டுகளைத் திருப்பிப் பொருத்தினால் அது ஒரே தொடராகிறது. ஈரச் சருகில் ஒரு மீற்றர் நகரவே பாடுபடும் பிராணிக்குச் சொந்தக்காரர் பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறார்கள்.

இதில் ஆறுதல் தேடுவோருக்கு ஒரு குளிர்ந்த தண்ணீர். பெற்றலஸ் தென்மேற்கு ஈரவலயத்திலும் மலைநாட்டிலும் வாழ்வது. எமது யாழ்ப்பாணம் மயோசீன் காலத்தில் கடலடியில் உருவான சுண்ணாம்புக் கல். அவ்வளவு பழைய உறவு எதற்கும் அங்கே இடமில்லை.

இலங்கையிற் சிலந்தி தேடியவர்களின் பாதையைப் பாருங்கள். 1869இல் பிக்காட்-கேம்பிரிட்ஜ் விபரித்தவை மலைநாட்டுக் கோப்பித் தோட்டத்து நீற்னர் அனுப்பியவை. 1892 ஜனவரி, பெப்ரவரியில் சைமன் நேரிலேயே வந்தார். சருகில் வாழும் மிகச் சிறிய ‘கொப்லின்’ சிலந்திகள் பலவற்றுக்குப் பெயர் வைத்தார், ஒன்றுக்குத் தப்ரபேனைச் சேர்த்து. 1970இல் சுவிஸ் குழு ஒன்று குகைகளில் தேடியதை இத்தாலியரான பிறிஞ்ஞோலி 1972இல் எழுதினார். 2018இல் ரணசிங்கவும் கண்டி அடிப்படை ஆய்வு நிறுவகத்தின் சுரேஷ் பெஞ்சமினும் ஒரே கட்டுரையில் 9 புதிய கொப்லின் இனங்களை விபரித்தார்கள். 2012 அளவில் இலங்கையின் மொத்தக் கணக்கு ஏறக்குறைய 500. குளிர்ந்த நியூசிலாந்துக்கு 1100, வெப்பவலயத் தீவுக்கு 500. பரப்பில் நியூசிலாந்து நாலு மடங்கு பெரிதுதான், ஆயினும் இந்த வித்தியாசத்தில் ஒரு பெரும் பங்கு தேடியவர்களின் எண்ணிக்கை.

வடக்கில் போருக்குப் பின் செய்தியானவை பெரியவையே. 2009இல் மாங்குளத்தில் கிடைத்த, முகமளவு அகலமான மரச்சிலந்தி 2012இல் புதிய இனமெனப் பெயரிடப்பட்டது, காட்டில் வழிகாட்டிய பொலிஸ் அதிகாரியின் பெயரால். 2004இல் இராமேஸ்வரத்தில் கண்டு பெயரிட்ட இன்னொன்று, 2015இல் மன்னாரிலும் இருப்பதாக எழுதப்பட்டது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் இரண்டும் ஒரே நிலம். பாக்கு நீரிணையின் இரு கரையிலும் அது ஒரே இனமாகவே இருக்கிறது.

சிறியவற்றைத் தேடுவதற்கு யாரும் செய்தியாளரைக் கூட்டிப்போவதில்லை. மதுசாரப் போத்தலுக்குள் ஒரு சீட்டு இடுவார்கள்: இடம், திகதி, எதிலிருந்து எடுத்தது, எடுத்தவர். மையில் எழுதிய அந்தச் சீட்டுத்தான் பின்பு வரைபடத்தில் ஒரு புள்ளியாகிறது. இலங்கைப் படத்தில் பழைய புள்ளிகள் கண்டியையும் நுவரெலியாவையும் சுற்றி மொய்த்திருக்கின்றன. மடு, ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு என்று எழுதிய சீட்டுகள் அரிது. அந்தக் காடுகளின் சருகு உலர்ந்தது, மாரியில் மட்டும் ஈரமாகும். ஆகவே அரிதட்டோடு போகிறவர் கார்த்திகை, மார்கழியிற் போகவேண்டும்.